ரேட்ஸ் பூஜ்யம், பிட் மட்டும் உண்டு: நகர மையத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையின் கணக்கு

இங்கிலாந்தில் நகர மையத்தில் கடை எடுக்கப் போகிறவர்கள் வாடகையைக் கேட்பார்கள், பிசினஸ் ரேட்ஸ், அதாவது கடைக் கட்டடத்துக்கான வரி, எவ்வளவு என்று கேட்பார்கள், கரண்ட், காஸ், காப்புறுதி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்ப்பார்கள். கவுன்சிலிடமிருந்து இன்னொரு பில்லும் வரும் என்பதை அநேகமாக யாரும் சொல்வதில்லை. அதில் பிட் லெவி என்று போட்டிருக்கும், லெவி என்றால் கட்டணம். பிசினஸ் இம்ப்ரூவ்மென்ட் டிஸ்ட்ரிக்ட் என்பதைத்தான் இங்கே எல்லோரும் சுருக்கி பிட் என்கிறார்கள்: ஒரு பகுதியின் கடைகள் வாக்களித்துத் தங்கள் மீதே கட்டணம் போட்டுக்கொண்டு, அந்தக் காசில் தெருவைச் சீர்செய்கிற ஏற்பாடு. நல்ல தமிழில் வணிக மேம்பாட்டு வட்டாரம் என்று சொல்லலாம், ஆனால் அப்படிச் சொன்னால் எங்கள் தெருவில் ஒருவருக்கும் விளங்காது.

நாங்கள் நடத்துவது சின்னக் கடை. மதியம் சோறு கறி, பின்னேரம் கொத்து ரொட்டி, வெள்ளி சனியில் அப்பம். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு நகரம், ஹை ஸ்ட்ரீட்டிலிருந்து பிரிந்து போகும் ஒரு சந்து. ஊர்ப் பெயரையும் எங்கள் பிட்டின் பெயரையும் சொல்லாமல் விடுகிறேன். அதை நடத்துகிறவர்களின் முகத்தை நான் நாளைக்கும் பார்க்க வேண்டும்.

முதலில் காசுக் கணக்கு. கடையின் ரேட்டபிள் வால்யூ, அதாவது ரேட்ஸ் கணக்கிட அரசு போடும் மதிப்பு, 11,500 பவுண்டு. 12,000 வரை உள்ள ஒற்றைக் கடைக்குச் சிறு வணிகச் சலுகை முழுதாகக் கிடைக்கும், அதனால் ரேட்ஸ் பூஜ்யம். அதற்கு மேல் 15,000 வரை சலுகை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். ஆனால் அந்தச் சலுகை பிட் லெவிக்குச் செல்லாது. லெவி ரேட்டபிள் வால்யூவில் இத்தனை சதவீதம் என்று கணக்கிடப்படும். ஊருக்கு ஊர் வித்தியாசம் இருக்கும், பெரும்பாலும் 1 முதல் 2 சதவீதத்துக்குள். எங்களுக்கு ஒன்றரை சதவீதம், அதாவது வருடத்துக்கு 172 பவுண்டு 50 பென்ஸ். “ரேட்ஸே இல்லை, பிறகு இது என்னத்துக்கு?” என்று மனைவி கேட்டார். நியாயமான கேள்விதான். சில ஊர்களில் ஒரு குறிப்பிட்ட மதிப்புக்குக் கீழே உள்ள கடைகளை முழுதாக விட்டுவிடுகிறார்கள். எங்கள் ஊரிலும் அப்படி ஒரு கோடு இருக்கிறது, நாங்கள் அதற்குக் கொஞ்சம் மேலே நிற்கிறோம்.

கட்டாமல் விடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. விட முடியாது. ரேட்ஸ் கட்டாதவரை எப்படி மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு இழுப்பார்களோ, இதற்கும் அப்படியே இழுப்பார்கள். நீங்கள் வாக்களிக்கவில்லை, எதிர்த்து வாக்களித்தீர்கள், வாக்கெடுப்புக்குப் பிறகுதான் கடை எடுத்தீர்கள் என்ற எந்தக் காரணமும் எடுபடாது.

இந்த முறை பிறந்தது டொராண்டோவில். ப்ளூர் தெருவுக்குக் கீழே சப்வே ஓடத் தொடங்கியதும் ட்ராம் நின்றது, சனம் தெருவில் இறங்காமல் நிலத்தடியிலேயே போய்விட்டது, புறநகரில் ஷாப்பிங் மால்களும் வந்தன. அங்கிருந்த கடைக்காரர்கள் 1970-இல் தங்கள் மீதே ஒரு கட்டணத்தைப் போட்டுக்கொண்டு தெருவைச் சீர்செய்யப் புறப்பட்டார்கள். ப்ளூர் வெஸ்ட் வில்லேஜ் என்ற அந்தப் பகுதிதான் உலகின் முதல் பிட் என்று சொல்லப்படுகிறது. இங்கிலாந்துக்கு 2003-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் வழியாக வந்தது. முதலில் வாக்களித்து ஏற்றுக்கொண்டது, நம் தமிழ் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிற, லண்டனிலுள்ள கிங்ஸ்டன். 2005 தொடக்கத்தில் அங்கே வேலை ஆரம்பித்தது. இன்று நாடு முழுக்க முந்நூறுக்கும் மேல்.

ஒரு விஷயம் பலருக்கும் குழம்புகிறது. காசை வசூலிப்பது கவுன்சில், ஆனால் செலவழிப்பது கவுன்சில் இல்லை. வசூலான காசு தனிக் கணக்கில் போடப்பட்டு பிட் கம்பெனிக்குப் போகும். அது பெரும்பாலும் லாப நோக்கமில்லாத கம்பெனி. லெவி கட்டுகிறவர்கள் அதில் உறுப்பினராகலாம், இயக்குநர் குழுவுக்கு நிற்கலாம். ஆனால் உறுப்புரிமை தானாக வராது. பல இடங்களில் ஒரு படிவம் நிரப்பிக் கொடுக்க வேண்டும், எங்கள் ஊரிலும் அப்படித்தான். காசு கட்டுகிறோம், ஆகவே உறுப்பினர்தான் என்று நினைத்துக்கொண்டு வருடக்கணக்கில் இருப்பவர்களை எனக்குத் தெரியும். ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குப் போய்க் கேள்வி கேட்க வேண்டுமென்றால் அந்தப் படிவம் வேண்டும்.

சரி, 172 பவுண்டுக்கு என்ன கிடைத்தது?

முதலாவது ரேஞ்சர்கள். ஒரே நிற ஜாக்கெட் போட்டுக்கொண்டு தெருவில் நடக்கிறவர்கள். அவர்கள் போலீஸ் இல்லை, கைது செய்யும் அதிகாரமும் அவர்களுக்கு இல்லை. ஆனால் பின்னேரம் வாசலில் ஒருவர் குடித்துவிட்டு விழுந்து கிடந்தால், கண்ணாடியில் யாராவது ஸ்ப்ரே பெயின்ட் அடித்துவிட்டால், வீதி விளக்கு எரியாவிட்டால், யாருக்கு எந்த எண்ணில் சொல்வது என்று நாம் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஒரே ஆளுக்குச் சொன்னால் போதும். கவுன்சில் இணையதளத்தில் படிவம் நிரப்பிவிட்டுக் காத்திருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் ஆரம்பத்தில் ரேஞ்சர்கள் எங்கள் சந்துக்குள் வருவதே இல்லை. ஹை ஸ்ட்ரீட்டில் மேலும் கீழும் நடப்பார்கள், பெரிய கடைகளுக்குள் போய் வணக்கம் சொல்வார்கள், சந்து வாசலோடு திரும்பிவிடுவார்கள். பிறகுதான் காரணம் விளங்கியது. எந்தத் தெருவில் எத்தனை முறைப்பாடு பதிவாகிறது என்பதைப் பார்த்துத்தான் அவர்களுடைய ரோந்து வழி போடப்படுகிறது. எங்கள் சந்தில் யாரும் எதையும் பதிவு செய்வதில்லை. போத்தல் உடைந்தால் நாமே கூட்டி அள்ளுவோம், யாராவது கத்தினால் கதவைப் பூட்டிக்கொள்வோம். நம் ஆட்களின் பழக்கம் அது, பக்கத்துக் கடைக்காரர்களும் அப்படியே. பிறகு சந்திலுள்ள கடைகள் எல்லாம் பேசிவைத்துக்கொண்டு சின்ன விஷயமானாலும் செயலியில் பதியத் தொடங்கினோம். படம், நேரம், இரண்டு வரி. சில மாதங்களில் ரோந்து வழியில் எங்கள் சந்தும் சேர்ந்தது. பிட் இருக்கிற ஊரில் கடை வைத்திருக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: பதியுங்கள். வாயால் சொன்னது கணக்கில் வராது.

அதோடு சேர்ந்தது ரேடியோ. கடைகள், ரேஞ்சர்கள், கவுன்சிலின் சிசிடிவி அறை எல்லோரும் ஒரே அலைவரிசையில். துணிக்கடைகளுக்கும் மருந்துக் கடைகளுக்கும் திருட்டைத் தடுக்க இது உயிர். சாப்பாட்டுக் கடைக்கு அவ்வளவு தேவையில்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் சனி இரவு எந்தப் பப்பிலிருந்து யாரை வெளியே போட்டார்கள், அவர்கள் எந்தப் பக்கம் நடந்து வருகிறார்கள் என்று பத்து நிமிடம் முன்னாலேயே தெரிவது பெரிய விஷயம். கவுன்டரில் நிற்கும் பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டு நான் முன்னால் வந்து நிற்பேன்.

அடுத்தது குப்பை. சிரிக்காதீர்கள், எங்களுக்குக் கிடைத்ததில் அதிகக் காசு மிச்சம் பிடித்தது இதில்தான். கடைக் குப்பையைக் கவுன்சில் இலவசமாக எடுக்காது, தனியார் கம்பெனியோடு ஒப்பந்தம் போட வேண்டும். தனியாகப் போய்க் கேட்கும் சின்னக் கடைக்கு அவர்கள் சொன்னதுதான் விலை. ஒப்பந்தம் தானாகப் புதுப்பிக்கப்படும் என்று எங்கோ பொடி எழுத்தில் இருக்கும். ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் ஏற்றுவார்கள். பிட் பல கடைகளைச் சேர்த்து ஒரே கம்பெனியிடம் விலை பேசியது. ஒரே லாரி ஒரே தெருவில் எல்லாக் கடைக்கும் எடுத்தால் கம்பெனிக்கும் செலவு குறைவு. எங்களுக்கு மிச்சமானது லெவியைவிட அதிகம். ஒரு எச்சரிக்கை மட்டும்: பழைய ஒப்பந்தத்தை நிறுத்த எத்தனை மாதம் முன்னால் எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று பார்த்துவிட்டு மாறுங்கள். எங்கள் சந்தில் ஒருவர் இரண்டு கம்பெனிக்கும் கட்டிக்கொண்டிருந்தார்.

பயிற்சி வகுப்புகளும் உண்டு. முதலுதவி, தீயணைப்பு, மது உரிமத்துக்கான பரீட்சை, இப்படி. ஒவ்வொன்றுக்கும் வெளியே காசு கட்டினால் லெவி ஒரு வருடத்திலேயே கழிந்துவிடும். 2021 அக்டோபரில், கடையிலேயே பொதி செய்து வைத்து விற்கும் சாப்பாட்டுக்கு முழு மூலப்பொருள் பட்டியலும் ஒவ்வாமைப் பொருட்களும் ஒட்ட வேண்டும் என்ற சட்டம் வந்தபோது, எங்கள் ரோல்ஸ், பற்றிஸ் பெட்டிகளுக்கு லேபிள் எப்படி எழுதுவது என்று ஒரு பின்னேரம் முழுக்க உட்கார்ந்து சொல்லித் தந்தார்கள். கடுகு ஒவ்வாமைப் பட்டியலில் இருக்கிறது என்பதை அங்கே வைத்துத்தான் எங்கள் சமையல்காரர் கேள்விப்பட்டார். தாளிக்காமல் நாம் எதைச் சமைக்கிறோம்?

கொரோனா காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் எல்லாம் மூடப்பட்டபோது சிறு வணிகச் சலுகை பெறும் கடைகளுக்கு 10,000 பவுண்டு உதவித்தொகை அறிவித்தார்கள். ரேட்ஸ் கட்டாத பல கடைகளின் வங்கி விவரம் கவுன்சிலிடம் இருக்கவில்லை, நாமாகப் போய்ப் பதிய வேண்டும். பிட் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் ஒவ்வொரு கடைக்கும் போன் எடுத்து, பதிந்தாயா பதிந்தாயா என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த 10,000 இல்லாவிட்டால் கடை திறந்திருக்க மாட்டோம். பிறகு அந்தக் கோடையில் நடைபாதையில் மேசை போட எளிதான உரிமம் ஒன்று சட்டமாக வந்தது. கட்டணம் அப்போது 100 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று இருந்தது. மேசை எங்கே, சக்கர நாற்காலி போக எவ்வளவு இடம் விட வேண்டும் என்ற வரைபடம்தான் எல்லோரையும் தடுத்தது. அதைப் பிட்டே வரைந்து கொடுத்தது. அந்த உரிமம் இப்போது நிரந்தரமாகிவிட்டது, கட்டணமும் ஏறிவிட்டது.

இனி நிகழ்ச்சிகள். இதைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது, கொஞ்சம் கோபமும் இருக்கிறது.

பிட் என்றால் ஊரில் பலருக்கும் கண்ணில் படுவது கிறிஸ்மஸ் விளக்கு, சதுக்கத்தில் இசை, உணவுத் திருவிழா. பட்ஜெட்டில் பெரிய பங்கும் அதற்குத்தான் போகிறது. ஒரு கோடையில் சதுக்கத்தில் வார இறுதித் திருவிழா வைத்தார்கள். அடுத்த வாரம் வந்த அறிக்கையில் மக்கள் நடமாட்டம் இத்தனை சதவீதம் கூடியது என்று பெரிய எழுத்தில் இருந்தது. எங்கள் கல்லாவில் சாதாரண சனிக்கிழமையைவிடக் குறைவு. காரணம் எளிது: சதுக்கத்தில் வெளியூர் உணவு வண்டிகள் வரிசையாக நின்றன. சனம் அங்கேயே நின்று சாப்பிட்டுவிட்டு அப்படியே பஸ் ஏறிவிட்டது. அந்த வண்டிக்காரர்கள் யாரும் லெவி கட்டுவதில்லை. எங்கள் காசில் எங்களுக்கே போட்டியா என்று சந்து முழுக்கப் பொருமியது.

பொருமிக்கொண்டே இருந்திருக்கலாம். பிட்டில் உணவகங்களுக்கென்று ஒரு துணைக்குழு இருந்தது, ஆனால் கூட்டம் செவ்வாய் காலை பதினொரு மணிக்கு. மதியச் சாப்பாட்டுக்கு வெங்காயம் வெட்டுகிற நேரம். அந்த நேரத்தில் வரக்கூடியவர்கள் பெரிய செயின் உணவகங்களின் ஏரியா மேனேஜர்கள்தான். அவர்கள் கூட்டத்துக்கு வருவதற்கே சம்பளம் வாங்குகிறவர்கள். எனவே குழுவின் முடிவுகளும் அவர்களுக்கு ஏற்றபடியே இருந்தன, அதில் சதி ஒன்றும் இல்லை. நானும் பக்கத்தில் பீட்சாக் கடை வைத்திருக்கும் இத்தாலியரும் சேர்ந்து எழுதிக் கேட்டோம்: பின்னேரம் மூன்றரைக்கு வையுங்கள். அடுத்த மாதமே மாற்றினார்கள். யாரும் கேட்காததால்தான் அப்படி இருந்தது.

குழுவுக்குள் போன பிறகு நாங்கள் கேட்டது இரண்டு. ஒன்று, சதுக்கத்தில் சாப்பாட்டு இடங்களை முதலில் லெவி கட்டும் கடைகளுக்குக் கொடுங்கள், மிஞ்சினால் வெளியாருக்கு. இரண்டு, எங்கள் சந்தில் ஒரு சின்ன மேடையாவது போடுங்கள். முதலாவது கிடைத்தது, இரண்டாவது இன்னும் இழுபடுகிறது. இடம் கிடைத்ததும் வேறொரு பாடம்: சதுக்கத்தில் சமைக்க, கடையின் சுகாதார மதிப்பெண் மட்டும் போதாது. காஸ் அடுப்புக்குத் தனிச் சான்றிதழ், பொது மக்களுக்கான காப்புறுதி, தீ அபாய மதிப்பீடு, கை கழுவச் சுடுதண்ணீர், எல்லாம் கேட்பார்கள். இரண்டு மாதம் முன்னாலேயே ஆரம்பியுங்கள். மற்றபடி கொத்துக்கு விளம்பரமே வேண்டாம். தகட்டில் இரண்டு கத்தியும் விழத் தொடங்கினால் சதுக்கத்தின் அந்தப் பக்கம் நிற்கிறவரும் திரும்பிப் பார்ப்பார். வரிசையில் நின்ற ஒவ்வொருவருக்கும் கடைக்கு வந்தால் ஒரு ரோல் இலவசம் என்ற அட்டையைக் கொடுத்தோம். திரும்பி வந்த அட்டைகளை ஒரு டப்பாவில் போட்டு வைத்தோம். நிகழ்ச்சி எங்களுக்கு உதவியதா இல்லையா என்பதற்கு அந்த டப்பாதான் அறிக்கை.

எங்கள் குழு அதிகம் பேசும் ஊர் நியூகாசில். அங்கே என்இ1 என்ற பிட் 2009 முதல் இயங்குகிறது. பக்கத்திலுள்ள கேட்ஸ்ஹெட்டில் என் மச்சான் இருப்பதால் அடிக்கடி போய் வருவேன், போகும்போதெல்லாம் இதையும் பார்த்துக்கொண்டு வருவேன். ஐந்து மணிக்குக் கடை மூடினால் ஆறு மணிக்கு ஊர் வெறிச்சோடுவது இங்கிலாந்து நகர மையங்களின் பழைய நோய். அங்கே 2010-இல் ஐந்து மணிக்குப் பிறகு கவுன்சிலின் பலமாடிக் கார் நிறுத்துமிடங்களில் இலவசம் என்று ஏற்பாடு செய்து, கடைகளையும் இரவு வரை திறந்து வைக்கப் பேசினார்கள். கடைகள் திறக்காவிட்டால் சனம் வராது, சனம் வராவிட்டால் கடைகள் திறக்காது. இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் நகர்த்த ஒரு தனிக் கடையால் முடியாது. கவுன்சிலோடு உட்கார்ந்து பேச ஒரு பொது வாய் வேண்டும். பிட் எதற்கு என்று என்னிடம் யாராவது கேட்டால் மேடையையும் விளக்கையும் விட்டுவிட்டு நான் காட்டுவது இதைத்தான்.

அதே நியூகாசிலில்தான் ரெஸ்டாரன்ட் வாரம் என்பதையும் பார்த்தேன். வியாபாரம் படுத்துக் கிடக்கும் ஜனவரியிலும் ஆகஸ்டிலும், சேர்ந்துகொள்ளும் உணவகங்கள் எல்லாம் 10 பவுண்டு, 15 பவுண்டு என்று ஒரு நிலையான விலையில் ஒரு சாப்பாடு கொடுக்கும். தொடங்கிய காலத்து விலை அது. எங்கள் குழுவிலும் இதே மாதிரி ஒன்றைத் தொடங்கினோம்.

இதில் இறங்குகிறவர்கள் கணக்குப் பார்த்து இறங்க வேண்டும். 15 பவுண்டு என்று போட்டால் அதில் வாட் வரி போக நமக்கு வருவது 12 பவுண்டு 50 பென்ஸ். 15-இல் இருபது சதவீதத்தைக் கழித்தால் 12 வரும் என்று பலரும் போடுகிறார்கள், அது பிழை. 15-ஐ 1.2-ஆல் வகுக்க வேண்டும். எங்கள் கடையில் அந்த 12.50-க்குள் பொருட் செலவு நான்கு பவுண்டைத் தாண்டக் கூடாது என்று வைத்தோம். ஆட்டுக் கொத்து அதற்குள் வராது, கோழிக் கொத்தும் மரக்கறிக் கொத்தும் வரும். முன்னால் கடலை வடை, பின்னால் வட்டிலப்பம். வட்டிலப்பம் முதல் நாளே செய்து குளிரில் வைக்கலாம், அடுப்பைப் பிடிக்காது. குடிக்கிறது தனி, லாபம் அங்கேதான். வெள்ளி சனி பின்னேரத்துக்கு இந்த விலை இல்லை என்று அட்டையில் தெளிவாக எழுதினோம். எப்படியும் நிறைகிற நாளில் ஏன் குறைத்துக் கொடுக்க வேண்டும்? செவ்வாய் புதனில் இருபது முப்பது பேர் வந்து உட்கார்ந்ததைப் பார்த்து எங்கள் சமையல்காரர், “அண்ணை, இன்டைக்கு என்ன, சனிக்கிழமையோ?” என்றார். கொத்து என்றால் என்னவென்றே தெரியாமல் வந்தவர்கள் பலர். குறைந்த விலை அவர்களைத் துணிய வைத்தது. மார்ச்சில் முழு விலைக்குத் திரும்பி வந்த முகங்கள் சிலவற்றை எனக்கு அடையாளம் தெரியும்.

இன்னொன்று, பெரும்பாலான கடைக்காரர்கள் பயன்படுத்தாதது: மக்கள் நடமாட்டக் கணக்கு. தெருக் கம்பங்களில் உள்ள கருவிகள் எண்ணுகின்றன. வாரா வாரம் மின்னஞ்சலில் வருகிறது, யாரும் திறப்பதில்லை. திங்கள் இரவு எட்டு மணிக்குப் பிறகு சந்து வாசலில் ஆளே இல்லை என்று அதில்தான் தெளிவாகத் தெரிந்தது. திங்களை விடுமுறையாக்கினோம். லீஸ் புதுப்பிக்கும்போது கட்டட உரிமையாளரின் ஏஜென்ட் பழைய காலத்து நடமாட்டத்தைச் சொல்லி வாடகையை ஏற்றக் கேட்டார். அந்தத் தாள்களை மேசையில் வைத்தோம். ஏற்றம் முழுதாக நிற்கவில்லை, ஆனால் கேட்டதில் பாதிக்கும் கீழே வந்தது. லெவியின் மதிப்பை வெறும் சேவைகளில் மட்டும் தேடுகிறவர்களுக்கு இந்த மாதிரி விஷயம் தட்டுப்படாது.

கிஃப்ட் கார்டு பற்றிச் சுருக்கமாக. ஊர்க் கடைகளில் மட்டும் செல்லும் கார்டு, கம்பெனிகள் ஊழியர்களுக்குக் கிறிஸ்மஸுக்கு வாங்கிக் கொடுக்கும். சேர்வதற்குச் செலவு இல்லை, எங்கள் கார்டு மெஷினை ஒருமுறை பதிந்தால் போதும். வரவு பெரிதில்லை. இருந்தாலும் சேருங்கள்.

ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பிட் மறுபடி வாக்கெடுப்புக்கு வர வேண்டும். சட்டம் அதற்கு மேல் ஆயுள் தராது. தபால் மூலம் வாக்கு, லெவி கட்டுகிறவருக்கு மட்டும், ஒரு கடைக்கு ஒரு வாக்கு. இரண்டு விதமாக எண்ணுவார்கள்: தலைக் கணக்கிலும் பெரும்பான்மை வேண்டும், வாக்களித்தவர்களின் ரேட்டபிள் வால்யூவைக் கூட்டிப் பார்த்தாலும் பெரும்பான்மை வேண்டும். ஒன்றில் தோற்றாலும் பிட் மூடப்படும். பத்து லட்சம் பவுண்டு மதிப்புள்ள பெரிய ஸ்டோர் ஒன்றின் எடை, எங்கள் மாதிரி எண்பது கடையைவிட அதிகம். ஆனால் தலைக் கணக்கில் அதற்கும் ஒன்று, நமக்கும் ஒன்று. அங்கேதான் சின்னக் கடைகளின் பலம் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் குறைந்தது 25 சதவீதம் பேராவது வாக்களித்தாக வேண்டும். இங்கிலாந்தில் அப்படி ஒரு வரம்பு இல்லை, வந்த வாக்குகளை மட்டும் எண்ணுவார்கள். ஆகவே இங்கே வாக்களிக்காமல் இருப்பது எதிர்ப்பு ஆகாது.

வாக்குச் சீட்டு யார் பெயருக்கு வருகிறது என்று முன்னாலேயே பாருங்கள். பழைய குத்தகைக்காரர் பெயருக்கு, கணக்காளர் முகவரிக்கு, மூடிப்போன கம்பெனியின் பெயருக்கு என்று போய்ச் சேர்ந்த சீட்டுகள் ஏராளம். தொலைந்தால் மாற்றுச் சீட்டுக் கேட்கலாம், உங்களுக்காக வாக்களிக்க ஒருவரை நியமிக்கவும் செய்யலாம்.

பக்கத்து சலூன்காரர், குர்திஷ்காரர், எதிர்த்து வாக்களித்தார். அவர் சொன்னது இது: தெருவைக் கூட்டுவதும் விளக்குப் போடுவதும் கவுன்சிலின் வேலை, அதற்கு நாங்கள் ஏன் இரண்டாம் முறை கட்ட வேண்டும்? அவர் சொல்வதில் பாதி உண்மை. அதற்காகத்தான் கவுன்சில் எந்தெந்தச் சேவையை எந்த அளவில் தொடர்ந்து செய்யும் என்று ஒரு அடிப்படை ஒப்பந்தம் எழுதுகிறார்கள். பிட் அதற்கு மேலதிகமாகச் செய்ய வேண்டும், அதற்குப் பதிலாக இல்லை. ஆனால் கவுன்சில்களுக்கே காசு வற்றிக்கொண்டு வரும்போது அந்தத் தாள் எவ்வளவு தாங்கும் என்ற சந்தேகம் எனக்கும் உண்டு. முந்தைய ஒப்பந்தத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வாரத்தில் எத்தனை முறை தெருவைக் கழுவுவது என்ற வரி புதியதில் இல்லை. கூட்டத்தில் எழுந்து கேட்டேன். “கவனிக்கிறோம்” என்றார்கள். திரும்பவும் கேட்டேன், அடுத்த பதிப்பில் அந்த வரி வந்தது.

நான் ஆதரித்துத்தான் வாக்களித்தேன். அதற்கு முன்னால் ஐந்து வருடத் திட்டத்தை முழுக்க வாசித்தேன். வாசிக்கிறவர்கள் பார்க்க வேண்டியவை என்று எனக்குப் பட்டவை: நிர்வாகத்துக்கும் சம்பளத்துக்கும் எத்தனை சதவீதம் போகிறது, லெவி வருடா வருடம் விலைவாசியோடு ஏறும் என்று எங்காவது எழுதியிருக்கிறதா, லெவி தவிர வெளியிலிருந்து எவ்வளவு கொண்டுவருகிறார்கள், வரைபடத்தில் நம் தெரு எல்லைக்குள் இருந்தும் திட்டத்தில் அதன் பெயர் ஒருமுறையாவது வருகிறதா. கணக்கு விவரத்தை, கம்பெனிகளைப் பதிவு செய்யும் அரசு அலுவலகமான கம்பெனிஸ் ஹவுஸின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். லெவி சதவீதம் திட்டத்தில் எழுதப்பட்டதுதான், நடுவில் நினைத்தபடி ஏற்ற முடியாது, அதற்கு இன்னொரு வாக்கெடுப்பு வேண்டும்.

பிட்டால் முடியாதவையும் நிறைய. வாடகையைக் குறைக்க முடியாது. பஸ் கட்டணத்தைத் தொட முடியாது. பெரிய ஸ்டோர்களான பிஎச்எஸ் 2016-இலும் டெபனாம்ஸ் 2021-இலும் நாடு முழுக்க மூடியபோது எந்த ஊர்ப் பிட்டும் அதைத் தடுக்கவில்லை, தடுத்திருக்கவும் முடியாது. அப்படி ஒரு பெரிய கட்டடம் இடித்துக் கட்ட என்று ரேட்ஸ் பட்டியலிலிருந்தே எடுக்கப்பட்டால் அதன் லெவியும் போய்விடும், மிச்சக் கடைகளின் காசில்தான் அடுத்த வருடத் திட்டம். ஆகவே நகர மையத்தில் கடை பார்க்கிறவர்கள் பிட் இருக்கிறதா என்று கேட்பதோடு நிற்காமல், அது எத்தனையாவது வருடத்தில் இருக்கிறது, லெவி எத்தனை சதவீதம், எந்த மதிப்புக்குக் கீழே விலக்கு என்று கேளுங்கள். கட்டட உரிமையாளருக்குக் கட்டும் பணிக் கட்டணம் (சர்வீஸ் சார்ஜ்) வேறு உள்ள கட்டடமானால், ஒரே வேலைக்கு, உதாரணமாக வாசல் காவலுக்கு, இரண்டு பக்கமும் கட்டுகிறீர்களா என்றும் பாருங்கள். ஷாப்பிங் சென்டர்களுக்குள் இருக்கும் கடைகளுக்குச் சில பிட்கள் குறைந்த லெவி போடுவது அதனால்தான்.

இப்போது எங்கள் குழுவில் ஓடுகிற பேச்சு சாப்பாட்டுக் கழிவைப் பற்றி. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்கள் 2025 மார்ச் 31 முதல் அதைத் தனியாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். எங்கள் மாதிரிச் சின்னக் கடைகளுக்கு 2027 மார்ச் 31 வரை அவகாசம். தனித்தனியாகப் போனால் என்ன விலை சொல்வார்கள் என்பது தெரிந்த கதை. சந்திலுள்ள எல்லாக் கடைக்கும் ஒரே பூட்டுப் போட்ட தொட்டி வைக்கலாமா, அதை யார் கழுவுவது, பின் கதவுப் பக்கம் வைத்தால் எலி வருமா என்று அடுத்த கூட்டத்தில் பேச இருக்கிறோம். சலூன்காரரையும் வரச் சொல்லியிருக்கிறேன். அவரிடம் சாப்பாட்டுக் கழிவு இல்லை, ஆனால் தொட்டி வைக்கிற இடம் அவருடைய பின் சுவரோடுதான்.